நாலு வரி அனுப்பு

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. கடிதத்தில் இந்த இடத்தில் வழக்கமாக ஒரு வரி வரும். அதை நான் எழுதப்போவதில்லை. ஏன் என்று போகப்போக உனக்கே தெரியும்.

நீ அனுப்பிய படிவம் கிடைத்தது. புத்தக அட்டையில் அம்மாவின் படம் வருகிறது, உள்ளே பக்கத்துக்குப் பக்கம் அம்மாவின் பேச்சு வருகிறது, அதனால் தனக்குச் சம்மதம் என்று அம்மா கையெழுத்துப் போட்டுத் தரவேண்டும் என்று பதிப்பகத்து வக்கீல் கேட்கிறார், வெள்ளிக்கிழமைக்குள் முடித்துவிடு என்று எழுதியிருந்தாய். கை நடுங்கினால் கட்டைவிரல் ரேகை போதும் என்று அடியில் ஒரு குறிப்பு வேறு. முப்பத்தொரு வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் தினம் இரண்டு வேளை பதிவேட்டில் கையெழுத்துப் போட்டவளுக்குக் கட்டைவிரல் ரேகை. சரி, அதைக் கடைசியில் பேசலாம். நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போய்விடாதே, உனக்கு அந்தப் பழக்கம் உண்டு.

இதைக் கையால் எழுதுவதற்கும் காரணம் இருக்கிறது. தட்டச்சு செய்து அனுப்பினால் உனக்குக் கட்டுரை எழுதித் தருகிறதே அந்தக் கருவியிடம் கொடுத்து, என்னதான் சொல்கிறாள் என்று மூன்று வரியில் சுருக்கச் சொல்லிவிடுவாய். என் கையெழுத்தைக் கோழி கிளறியது என்று அம்மா சொல்வாள். எந்தக் கருவியாலும் இதைப் படிக்க முடியாது. நீதான் உட்கார்ந்து படித்தாகவேண்டும்.

வாராவாரம் நீ மின்னஞ்சலில் அனுப்பும் புதன் கடிதத்தை ஒன்று விடாமல் படித்தவர்களில் நானும் ஒருத்தி. அறுபதாயிரம் பேர் படிக்கிறார்களாம். தொழிற்சாலையில் என் பக்கத்து மேசைப் பெண்ணுக்கும் வருகிறது. 'புதன்காரர் இந்த வாரம் என்ன சொல்றார் பாருங்கக்கா' என்று என்னிடமே காட்டுவாள். நான் உன் அக்கா என்று சொன்னதில்லை. அரசியல், பணம், புத்தகத் தொழில், தொழில்நுட்பம் என்று நாலையும் ஒரே கடிதத்தில் கலந்து கொடுக்க உன்னைவிட்டால் ஆளில்லை என்று எல்லோரும் சொல்கிறார்கள். நாலையும் சேர்த்துக் கட்டிய கயிறு அம்மா. அமைச்சரவை மாறினாலும் அம்மா ஒன்று சொல்வாள், பங்குச் சந்தை விழுந்தாலும் அம்மா ஒன்று சொல்வாள். போனைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, ஒன்றும் தெரியாமல், ஊருக்கே தெரியாத உண்மையைப் போட்டு உடைக்கும் அம்மா.

எனக்கு வேலை என்ன என்று உனக்கு நினைவிருக்கிறதோ என்னவோ. தைத்து முடித்த சட்டையை உட்புறம் திருப்பித் தையல் பார்ப்பது. வெளியே பார்த்தால் எல்லாம் நல்ல சட்டைதான். ஒரு நாளைக்கு நானூறு சட்டை பார்க்கிறேன், பதினெட்டு வருடமாக. உன் அம்மாவையும் கொஞ்சம் திருப்பிக் காட்டுகிறேன்.

அம்மா உண்மையாகவே செய்த தப்பு ஒன்றே ஒன்றுதான். ஆறு வருடத்துக்கு முன்னால், குழாய் ரிப்பேர்காரருக்கு அனுப்பவேண்டிய செய்தி உனக்கு வந்துவிட்டது. 'ஒழுகுது. வந்து பார்த்துட்டுப் போ. போன தடவை மாதிரி வர்றேன்னு சொல்லி ஏமாத்தாதே.' அது தேர்தல் சமயம். இதைத் தொகுதிப் பக்கமே எட்டிப் பார்க்காதவர்களுக்கு என் அம்மா எழுதிய கடிதம் என்று நீ எழுதினாய். நாடே சிரித்தது. அம்மாவும் சிரித்தாள். உனக்கு அனுப்பினாலும் பொருத்தம்தான் என்று என்னிடம் சொன்னாள். அதை நான் உன்னிடம் சொல்லவில்லை.

அதுவரை ஞாயிற்றுக்கிழமை நீ வெளிநாட்டிலிருந்து பேசுவது இரண்டு நிமிடம். சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா, அக்கா எங்கே. எக்ஸ்சேஞ்சில் வெளியூர் அழைப்புக்கு மூன்று நிமிடக் கணக்கு உண்டு இல்லையா, மூன்றாவது நிமிடம் முடிந்ததும் நடுவில் புகுந்து 'நீட்டிக்கவா' என்று கேட்கவேண்டும். அந்தப் பழக்கத்தில் அம்மா உன் அழைப்பையும் கடிகாரம் பார்த்துக்கொண்டேதான் பேசுவாள். நீ ஒரு தடவைகூட மூன்றைத் தொட்டதில்லை. அந்தக் குழாய்க் கடிதம் வந்த ஞாயிறு இருபத்திரண்டு நிமிடம் பேசினாய். 'இந்த வாரம் வேற என்னம்மா பண்ணினே' என்று கேட்டாய். அவள் ஒன்றுமே பண்ணவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, 'செய்தி வாசிக்கிற பொண்ணுக்குக் கேக்கட்டும்னு போனை டிவி பக்கம் திருப்பிப் பிடிச்சேன், அவ பதிலே சொல்லல' என்று ஒரு கதை அளந்துவிட்டாள். நான் பக்கத்தில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தேன். உதட்டில் விரல் வைத்து என்னைப் பேசாமல் இருக்கச் சொன்னாள்.

தம்பி, எக்ஸ்சேஞ்சைக் கம்ப்யூட்டருக்கு மாற்றியபோது பதினோரு பெண்களுக்குப் பாடம் எடுத்தவள் அவள். இந்தத் தெருவில் எட்டு வீட்டு மின்கட்டணம் அவள் போனில்தான் கட்டப்பட்டது. ஒரு தடவை வங்கியிலிருந்து பேசுகிறேன், ரகசிய எண் சொல்லுங்கள் என்று ஒருவன் கூப்பிட்டான். இருபது நிமிடம் அவனை இழுத்து வைத்து, அவன் சொந்த ஊர், படிப்பு, கல்யாணம் ஆகாத காரணம் வரைக்கும் கேட்டுத் தெரிந்துகொண்டு, வேறு வேலை பார், முகம் தெரியாதவர்களிடம் திருடினாலும் அது திருட்டுதான் என்று சொல்லிப் போனை வைத்தாள். அவன் சரிம்மா என்றான். இப்படிப்பட்டவளைத்தான் நீ ஆறு வருடமாக மக்கு என்று அறுபதாயிரம் பேருக்கு விற்றாய்.

ஏனம்மா இப்படி நடிக்கிறாய் என்று கேட்டேன். 'புத்திசாலி அம்மாகிட்ட ரெண்டு நிமிஷம் பேசறான். முட்டாள் அம்மாகிட்ட இருபது நிமிஷம் பேசறான். நீயா இருந்தா எதுவாடி இருப்பே' என்று திருப்பிக் கேட்டாள்.

அதற்கென்று ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருந்தாள். வாரம் முழுக்க யோசித்து ஒவ்வொன்றாக எழுதுவாள். சனிக்கிழமை என்னிடம் சொல்லிப் பார்ப்பாள். நான் சிரிக்காவிட்டால் அதைக் கோடு போட்டு அடித்துவிட்டு வேறு எழுதுவாள். தேர்தல் முடிந்த வாரம், 'எல்லாக் கட்சியும் நாங்கதான் ஜெயிச்சோம்னு சொல்றாங்க. அப்போ தோத்தது யாரு, நாமளா' என்று ஒன்று வந்ததே, அதற்கு அவள் மூன்று நாள் எடுத்துக்கொண்டாள். ஒரு கட்சிக்காரர்கள் அதைச் சுவரொட்டியாகவே அடித்தார்கள். அடியில் உன் பெயர் இருந்தது. அம்மா பேருந்திலிருந்து அதைப் பார்த்துவிட்டு இறங்கி, கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, அடுத்த பேருந்தில் வந்தாள்.

உன் மகள் ஒரு தடவை பின்னாலிருந்து பேசியது எங்களுக்குக் கேட்டது. 'அப்பா, இது சிரிப்பாவே இல்ல, பாட்டிய வேற சொல்லச் சொல்லு' என்றாள். குழந்தை சூட்டிகை, பதினோரு வயதிலேயே தரம் பிரிக்கத் தெரிகிறது. அம்மா உடனே நோட்டைப் புரட்டி வேறு ஒன்று சொன்னாள்.

பணம் பற்றி நீ எழுதிய கடிதங்களில் ஒன்றை மட்டும் அம்மா அச்செடுத்துத் தன் நோட்டில் மடித்து வைத்திருந்தாள். 'குற்றவுணர்ச்சிக்கு வட்டி கிடையாது.' பெற்றோருக்குச் செய்வதைப் பாசமாகப் பார்க்காமல் செலவாகப் பார்க்கப் பழகுங்கள், எல்லை போடுங்கள் என்று இளைஞர்களுக்குப் புத்தி சொல்லியிருந்தாய். நன்றாகத்தான் எழுதியிருந்தாய். பத்திரிகை வேலையை விட்டுவிட்டுப் புதன் கடிதம் தொடங்கிய முதல் வருடம் உன் வீட்டு வாடகை யாருடைய ஓய்வூதியத்தில் போனது என்று மட்டும் அதில் இல்லை. அதை எழுதினால் கட்டுரை கெட்டுப்போகும், எனக்கும் தெரியும். அம்மா அதை இரண்டு தடவை படித்தாள். அதற்குப் பிறகு எப்போது வருகிறாய் என்று உன்னைக் கேட்பதை நிறுத்திக்கொண்டாள். எல்லை தாண்டக்கூடாதாம்.

போன வருடம் அந்தக் கருவி வந்தது. நாலு வரி கொடுத்தால் நாலு பக்கம் எழுதித் தரும் என்று குதித்தாய். அதோடு ஞாயிற்றுக்கிழமை அழைப்பும் போயிற்று. 'நாலு வரி அனுப்பு' என்று ஒரு செய்தி, அவ்வளவுதான். இருபது நிமிடத்துக்காக அவள் முட்டாளானாள். அது நாலு வரியாகச் சுருங்கிய பிறகும் அவள் முட்டாளாகவே இருந்தாள். விட்டால் அதுவும் போய்விடுமோ என்ற பயம்.

இனிமேல் சொல்லப்போவதை மெதுவாகப் படி.

ஏழு வாரத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை மதியம் அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. மாடிப்படி ஏறவில்லை, பாரம் தூக்கவில்லை, சும்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தவளுக்கு. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நுரையீரல் கெட்டுப்போயிருக்கிறது, பார்ப்போம் என்றார் டாக்டர். அவர்கள் பார்ப்போம் என்றால் என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும். வராந்தாவிலிருந்து உன்னைக் கூப்பிட்டேன். துண்டித்தாய். திரும்பக் கூப்பிட்டேன். துண்டித்தாய். செய்தி வந்தது. 'மீட்டிங்ல இருக்கேன். அம்மா இந்த வாரம் ஏதாவது பண்ணினாளா? நாலு வரி அனுப்பு.'

தம்பி என்ன சொல்றான் என்று அம்மா கட்டிலிலிருந்து கேட்டாள். கோபத்தில் அப்படியே படித்துக் காட்டிவிட்டேன். ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், கிளம்பி வா என்று ஒரு வரி போடுகிறேன் என்று போனை எடுத்தேன். வேண்டாம் என்றாள். 'நாலு வரிதானே கேட்டிருக்கான். நாலு வரியிலேயே சொல்லிடறேன். என் பிள்ளை படிச்சான்னா புரிஞ்சுப்பான்' என்றாள். அவளே சொல்லச் சொல்ல நான் அடித்து அனுப்பியது இது:

'துணி காயப்போடுற கிளிப்பை என் விரல்ல மாட்டி விட்டிருக்காங்க. அதுல மார்க் தெரியுது. தொண்ணூத்தஞ்சு எடுத்தா பாஸாம். நான் எண்பத்தாறு, ஃபெயில்.'

புதன்கிழமை கடிதம் வந்தது. உடம்பில் மாட்டிக்கொள்ளும் கருவிகள் நம்மை எப்படி மாணவர்களாக்குகின்றன என்று நாலு பக்கம். பிரமாதம் என்று எல்லோரும் எழுதியிருந்தார்கள். அந்தக் கிளிப்பை யார் மாட்டினார்கள், எங்கே, ஏன் என்று நீ கேட்கவில்லை. அம்மா முழுதும் படிக்கச் சொல்லிக் கேட்டாள். இந்த வாரம் வேலை அதிகமோ என்னவோ என்றாள்.

இரண்டாம் வாரம் அவள் சொன்னது: 'கட்டிலுக்கு ரிமோட் குடுத்திருக்காங்க. டிவி மாத்தலாம்னு அமுக்கினேன். நான் எந்திரிச்சு உட்கார்ந்துட்டேன்.' இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது. எந்த வீட்டில் அப்படிக் கட்டில் இருக்கிறது. நீ என்ன எழுதினாய் தெரியுமா. அம்மாவுக்கு அக்கா தவணையில் நவீனக் கட்டில் வாங்கிக் கொடுத்திருக்கிறாள், நடுத்தரக் குடும்பங்கள் இப்படித்தான் தேவையில்லாத பொருளில் பணத்தைத் தொலைக்கின்றன என்று எழுதினாய். கூடவே எனக்கு நாலு யோசனை, வட்டி விகிதத்தோடு. அதை நான் ஆஸ்பத்திரிக் கட்டிலின் கைப்பிடியில் சாய்ந்துகொண்டு படித்தேன். அம்மா சிரித்தாள். சிரித்தால் இருமல் வரும், நர்ஸ் வந்து என்னைத் திட்டினாள்.

இங்கே என்னைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். உன்னை மட்டும் தோலுரித்தால் நியாயமில்லை. அந்த இரண்டாம் வாரம் அம்மாவுக்குத் தெரியாமல் நான் உனக்கு ஒரு வரி அனுப்பியிருக்கலாம். மூன்று வார்த்தை போதும். போனை எடுத்தேன், வைத்தேன். அம்மா உன் மேல் பந்தயம் கட்டியிருந்தாள், என் பிள்ளைக்குப் புரியும் என்று. நான் எதிர்ப்பக்கம் கட்டியிருந்தேன். பதினெட்டு வருடம் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டவள் நான், அவள் வாயில் எப்போதும் உன் பேச்சு. ஒரு தடவையாவது நான் ஜெயிக்கவேண்டும் என்றிருந்தது. ஜெயித்துக்கொண்டும் இருந்தேன். சாகிறவள் தோற்பதைப் பார்க்கவேண்டும் என்று உட்கார்ந்திருந்தேன். இதை எழுத எனக்கு இன்னும் வெட்கம் வரவில்லை. வரும்.

மூன்றாம் வாரம் முகத்தில் மூடி போட்டுவிட்டார்கள். அதற்குள்ளிருந்து அவள் பேசியது எனக்கு மட்டும்தான் புரியும். 'மூக்குக்கும் வாய்க்கும் சேர்த்து ஹெல்மெட் போட்டுட்டாங்க. நான் பேசறது எனக்கே கேக்கல. மைக் ம்யூட்ல இருக்குபோல. யாராவது வந்து எடுத்துவிட்டாத் தேவல.' கடைசி வரியை அவள் இரண்டு தடவை சொல்லிச் சரியாக அடித்தேனா என்று திரையைக் காட்டச் சொன்னாள். வந்து எடுத்துவிட்டாத் தேவல. புதன்கிழமை 'என் அம்மாவும் எதிர்க்கட்சியும்' என்று வந்தது. மௌனமாக இருக்கும் எதிர்க்கட்சித் தலைவர்களை வறுத்தெடுத்திருந்தாய். அந்தக் கடைசி வரியை நீக்கிவிட்டாய். நீயா கருவியா தெரியாது. நீளம் கருதி இருக்கும்.

அன்று சாயங்காலம் படித்து முடித்ததும், கடைசிப் பத்தியை மறுபடி படி, அதில் ஏதோ கேட்டிருக்கிறானே என்றாள். எப்போதும் போடுவாயே, 'உங்கள் வீட்டு அம்மா எப்படி இருக்கிறார்? கீழே எழுதுங்கள்' என்று, அதுதான். எல்லாருக்கும் போடுவதும்மா, உனக்கில்லை என்றேன். எனக்கும்தானேடி என்றாள். பதில் போடச் சொன்னாள். ஆயிரத்து இருநூறு பேருக்கு நடுவில் அவள் பெயரிலேயே போட்டேன். சொன்னது இவ்வளவுதான்: 'நலம். நலமறிய ஆவல்.' பத்து நிமிடத்தில் நீ அதற்கு ஓர் இதயக் குறி போட்டாய். எல்லாருக்கும் தானாக விழும் குறி என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியாமல் இருக்காது, அவளுக்குத் தெரியாத எந்திரமா. ஆனாலும் போனை நெஞ்சில் வைத்துக்கொண்டாள். 'பார்த்துட்டான்' என்றாள்.

மறுநாள், வியாழக்கிழமை, காலை பத்தேகாலுக்கு அம்மா போய்விட்டாள். நான் பக்கத்தில் இருந்தேன்.

நாலு வாரம் ஆகிறது. உனக்குச் சொல்லவில்லை. அன்றே சாயங்காலம் எல்லாம் முடிந்தது. அவன் வரவில்லையா என்று கேட்ட எல்லோரிடமும் சொல்லிவிட்டேன், டிக்கெட் கிடைக்கவில்லை என்று. சித்தப்பா உன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னார், அதைக் கடிதத்தில் எழுதமுடியாது. நான் மறுக்கவில்லை.

சொல்லவில்லை என்பதும் முழு உண்மை இல்லை. அடுத்த ஞாயிறு உன் செய்தி வந்தது, நாலு வரி அனுப்பு என்று. அனுப்பினேன். 'இப்போ போன் எடுக்கறதில்லை. சார்ஜே போட வேண்டாத இடத்துக்கு வந்துட்டேன். யார் கூப்பிட்டாலும் இனி எல்லைக்கு வெளியேதான். நிம்மதியா இருக்கு.' இதைப் படித்தும் உனக்குப் புரியாது என்று நான் நினைக்கவில்லை. சத்தியமாக நினைக்கவில்லை. நீ பதறிக்கொண்டு கூப்பிடுவாய் என்று மறுநாள் முழுக்கத் தொழிற்சாலையில் போனை மேசைமேல் வைத்துக்கொண்டு வேலை பார்த்தேன். நாலு சட்டை தையல் பிரிந்ததைக் கவனிக்காமல் விட்டுவிட்டு மேற்பார்வையாளரிடம் பேச்சு வாங்கினேன்.

புதன்கிழமை வந்தது, 'அம்மாவின் டிஜிட்டல் துறவு.' உன் கடிதங்களிலேயே அதிகம் பேர் படித்தது அதுதானாமே. ஆறு ஆசிரமங்களும் ஒரு மன நல மையமும் மறுபதிப்புக் கேட்டதாக எழுதியிருந்தாய். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எங்கள் கூடத்தில் உட்கார்ந்து அதைப் படித்தார்கள். தாய் செத்த ஏழாம் நாள் மகன் சிரிப்புக் கட்டுரை எழுதுகிறான் என்று பார்த்தார்கள். பக்கத்து வீட்டு அக்கா எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். அடுத்தடுத்த மூன்று புதன்களுக்கு நீ நாலு வரிகூடக் கேட்கவில்லை. கருவிக்கு அம்மாவின் பேச்சு பழகிவிட்டது போலிருக்கிறது. செத்தவள் வாராவாரம் புதிது புதிதாகப் பேசிக்கொண்டிருக்கிறாள். போன வாரம் புதிய வரிவிதிப்பு பற்றிக் கருத்துச் சொன்னாள். நன்றாகவே சொன்னாள். நான்கூடச் சிரித்துவிட்டேன்.

இப்போது கையெழுத்து விஷயம். படிவத்தின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதை நீ படித்திருக்கமாட்டாய். குறிப்பிடப்படும் நபர் காலமாகியிருந்தால் இறப்புச் சான்றிதழும் வாரிசுகள் அனைவரின் கையெழுத்தும் வேண்டும் என்று இருக்கிறது. பதிப்பகம் இங்கேதானே இருக்கிறது, செவ்வாய்க்கிழமை நேரில் போனேன். மூன்று மாடி, படியெல்லாம் காகிதக் கட்டு. திருத்தப்படிகள் பறக்கும் என்று மின்விசிறியை நிறுத்திவிட்டு வேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். உன் புத்தகத்தைத் தொகுக்கிற பெண்ணிடம் சான்றிதழைக் கொடுத்தேன். தேதியைப் பார்த்தாள். கணினியில் உன் கடிதங்களின் தேதியைப் பார்த்தாள். விரல்விட்டு எண்ணினாள். பிறகு என்னைப் பார்க்காமல், 'சாருக்குத் தெரியுமா' என்று கேட்டாள். தெரியாது என்றேன். எழுந்து போய் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தாள்.

பதிப்பாளர் பதறவில்லை. தொழில் தெரிந்தவர். பத்து நிமிடம் அனுதாபம் சொன்னார். பதினோராவது நிமிடம், இது புத்தகத்தை வேறு தளத்துக்குக் கொண்டுபோகும் என்றார். அட்டையில் ஒரு வரி சேர்க்கலாம் என்றார். நான் ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். ஒவ்வொரு கடிதத்தின் கீழும் தேதி வரவேண்டும், முதல் பக்கத்தில் அம்மாவின் பெயரும் அவள் இறந்த தேதியும் வரவேண்டும், ஆஸ்பத்திரிக் கடிதங்கள் மூன்றும் அதற்குப் பின்னால் வந்தவையும் ஒன்றுகூட விடாமல் சேரவேண்டும். சந்தோஷமாக எழுதிக் கொடுத்துவிட்டார். நீ புத்தகத் தொழில் பற்றி எழுதுவதெல்லாம் உண்மைதான், பாவம்.

என் கையெழுத்தைப் போட்டுவிட்டேன். அதற்குக் கீழே இருக்கிற கட்டம் உனக்கு. போட்டால் தேதிகளோடு வரும், படிக்கிறவன் எவனும் கூட்டிக் கழித்துப் பார்ப்பான். போடாவிட்டால் புத்தகம் இல்லை. அட்டைப் படத்துக்காக நீ 'தலைகீழாப் பிடிம்மா, இன்னும் கொஞ்சம் பேந்தப் பேந்த முழி' என்று சொல்லச் சொல்ல அவள் முக்கால் மணி நேரம் போனைப் பிடித்துக்கொண்டு நின்றது வீண். வெளியாகும் நாளைக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருந்தாள், அதுவும் வீண். லாப நட்டம் பார்த்து முடிவெடுப்பது எப்படி என்று நீயே மூன்று கடிதம் எழுதியிருக்கிறாய், எடுத்துப் படித்துக்கொள்.

இதோடு அம்மாவின் நோட்டையும் வைத்திருக்கிறேன். இன்னும் பயன்படுத்தாதவை நாற்பத்தொன்று இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் எதிரே எந்த ஞாயிறு என்று தேதி போட்டிருக்கிறாள். அடுத்த கோடைக்காலம் வரை உனக்குக் கவலையில்லை. கடைசிப் பக்கத்தில் மட்டும் வேறு எழுதியிருக்கிறாள், ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு இரண்டு நாள் முன்னால்: 'நான் நடிக்கறேன்னு அவனுக்கு ஆரம்பத்திலேயே தெரியும். என்கிட்டப் பேச ஒரு சாக்கு வேணுமேன்னுதான் கேக்கறான்.' இதைப் படித்தபிறகு எனக்கு இரண்டு நாள் தூக்கமில்லை. தம்பி, உனக்குத் தெரியுமா? தெரியும் என்றால் எனக்கு எழுதாதே, நான் தாங்கமாட்டேன். தெரியாது என்றாலும் எழுதாதே, அவள் தோற்றதாகிவிடும். ஜெயித்ததில் எனக்கு ஒன்றும் மிச்சமில்லை, வீட்டில் இரண்டு தட்டு எடுத்து வைத்துவிட்டு ஒன்றைத் திரும்ப வைக்கிறேன், அவ்வளவுதான்.

வேறு விசேஷம் இல்லை. அம்மாவின் போன் எண்ணைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இனி அதற்கு நாலு வரி கேட்டு அனுப்பாதே, யாரோ வாங்கியிருக்கிறார்கள், அவர்களுக்குப் புரியாது.

நீயும் உன் மனைவியும் நீண்ட ஆயுளோடு இருக்கவேண்டும். உன் மகள் உன்னை அப்படியே உரித்து வைத்திருக்கிறாள், அவள் இன்னும் பெரிதாக வருவாள். நன்றாகப் படித்து, உன்னைவிடத் தூர தேசத்துக்குப் போய், உன்னைவிட நன்றாக எழுதி, உன் விரலில் அந்தக் கிளிப் மாட்டுகிற வயதில் வாரம் தவறாமல் உன்னிடம் நாலு வரி கேட்கவேண்டும். மூத்தவளாக இருந்து மனதார ஆசீர்வதிக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அக்கா